பதினோரு நிறுத்தங்கள் உள்ள மலை

அவர் நூலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, மலை வரைபடத்தில் பாதை வளைகிற இடமெல்லாம் அதையும் வளைத்து வளைத்து ஒட்டிக்கொண்டு போவார். சாப்பாட்டு மேஜை முழுக்க வரைபடம்தான். தட்டு வைக்க இடமில்லாமல் மனைவி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். நூல் ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்தையே தொட்டதும் வெட்டி, அடிக்கோலில் வைத்து அளந்து, “முப்பத்தொண்ணு புள்ளி நாலு கிலோமீட்டர்” என்று அறிவிப்பார். நேற்று அளந்தபோதும் அதேதான்.

“நேத்திலேருந்து மலை வளர்ந்திருக்கான்னு பார்க்கறீங்களா?” என்பாள் மனைவி.

இன்னொரு நூல் எடுப்பார்.

பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது அவர் வேலை. எந்த வண்டி எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்று இருபத்து மூன்று வருடமாக நான்காவது மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறார். அவர் பேருந்தில் ஏறினால் ஓட்டுநர்களுக்கு உதறல் எடுக்கும். முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு சிக்னலிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்து ‘உச்’ கொட்டுவார். அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘நிமிஷம்’. “நிமிஷம் வர்றாரு” என்று யாராவது கிசுகிசுத்தால் போதும், டீ குடிக்கிற கூட்டம் கலைந்துவிடும்.

அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு. வண்டி தாமதமாகக் கிளம்பினாலும் கிளம்பலாம், நேரத்துக்கு முன்னால் மட்டும் கிளம்பக்கூடாது. “லேட்டா போனா திட்டுவாங்க, அவ்வளவுதான். முன்னாடியே போயிட்டா, நாம எழுதி வெச்சதை நம்பி ஓடி வர்ற ஆளு ஏமாந்து நிப்பான்” என்பார். சொல்லும்போது குரல் கொஞ்சம் கரகரக்கும். அந்த ஓடி வருகிற ஆளை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் சம்பளம் வாங்குவதே அவனுக்காகத்தான் என்பதுபோல வேலை பார்க்கிறார். என்னதான் சிரிப்பு வந்தாலும், அந்த ஒரு கணம் மனிதரைப் பிடித்துப்போகும்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுபோய் மலையிலும் அமல்படுத்தியதுதான் வினை. மூன்று வருடத்துக்கு முன்பு மலைச் சைக்கிள் ஒன்று வாங்கினார். காட்டு கேட்டில் புறப்பட்டு, முகடு வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, அதே கேட்டுக்குத் திரும்புகிற சுற்றுப்பாதைக்கு ஒரு அட்டவணையும் போட்டார். மொத்தம் பதினோரு நிறுத்தங்கள். ‘ஓடை: வருகை 8.42, புறப்பாடு 8.45. சாய்ந்த மரம்: வருகை 9.03, புறப்பாடு 9.05.’ கடைசி வரியில் ‘மாறுதலுக்கு உட்பட்டது’ என்றுகூட அச்சடித்திருந்தார்.

முதல் பயணத்துக்கு மனைவியின் தம்பி துணைக்குப் போனான். சாய்ந்த மரத்துக்கு எட்டு நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

“யாருக்காக மாமா நிக்கறோம்?”

“டைமுக்காக.”

“இங்க ஏறிக்க ஒரு குரங்குகூட இல்லையே மாமா!”

இப்படியே நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்றதில் மழை வந்து, பாதை சேறாகி, முகட்டைப் பார்க்காமலே வந்த வழியே திரும்பினார்கள். தம்பிக்கு ஒரு வாரம் சளி. அதற்குப் பிறகு பயணமெல்லாம் சாப்பாட்டு மேஜையில்தான். சைக்கிள் படுக்கையறையில், கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் குடியேறியது.

போன வாரம் மனைவி தீர்ப்புச் சொன்னாள். “மூணு வருஷமா அந்தப் பெடல்ல இடிச்சுக்கிட்டுதான் தினமும் எழுந்திருக்கேன். இந்த ஞாயித்துக்கிழமை சுத்தி முடிங்க. பாதியில திரும்பினா வண்டி என் தம்பி வீட்டுக்குப் போயிடும். அவன் சைக்கிளை வாங்கிக்கிட்டு நானும் வர்றேன், சாட்சிக்கு.”

மனிதருக்குப் பயம்தான். கூடவே ஒரு குஷி. மூன்று நாள் லீவு போட்டு, அவளுக்காக அட்டவணையைப் புதிதாக எழுதினார். அவள் வேகம் என்ன என்பதற்கு அவரிடம் துல்லியமான கணக்கு இருந்தது: கடைத்தெருவில் தன்னோடு வரும்போது அவள் நடக்கும் வேகம். துணிக்கடைக்கு ஒரு நிற்றல், பாத்திரக்கடைக்கு இரண்டு. அதை அப்படியே மலைக்கு ஏற்றினார். அவள் தபால்காரி. பதினாறு வருடமாகக் கடிதப் பையோடு மேடும் பள்ளமுமான தெருக்களில் சைக்கிள் மிதிக்கிறவள். ஆனால் அவள் மிதிக்கிற நேரத்தில் இவர் நான்காவது மாடியில் இருப்பார், பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தார், முதுகை மட்டும். ஏற்றத்தில் மூச்சுக்கூட வாங்காமல் அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஓடையிலும் சாய்ந்த மரத்திலும் வழக்கம்போலக் காத்திருக்கலாமென்று பார்த்தால், அவள் நின்றால்தானே! “கொஞ்சம் நில்லும்மா, ஸ்டாப்பு!” என்று கத்திக்கொண்டே பின்னால் மிதித்து, நாக்குத் தள்ள முகட்டைத் தொட்டபோது மணி 10.18. அட்டவணைப்படி அங்கிருந்து புறப்பாடு 10.40.

“கிளம்பலாமா?” என்றாள் தண்ணீர் பாட்டிலை மூடியபடி.

“பத்து நாப்பதுக்கு.”

“அந்தப் பக்கம் மேகத்தைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். அது அட்டவணையில இல்ல.”

அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

“என்னங்க, நம்பி ஓடி வர்ற ஆளுன்னு சொல்வீங்களே, இன்னிக்கு அது நான்தான். நான் வந்துட்டேன். இன்னும் யாரு வரணும்?”

சொல்லிவிட்டு ஏறி மிதித்துவிட்டாள். முதல் திருப்பத்தில் அவள் மறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பாதை வளைந்து இறங்குகிற ஏதோ ஓர் இடத்திலிருந்து “ஐயோ அம்மா!” என்று அவள் அலறுவதும், உடனே விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்டது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் கேட்டதில்லை. அவருக்கு ஏக்கமாக இருந்தது. கையிலிருந்த அட்டவணையின் மேல் ஒரு மழைத்துளி விழுந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். 10.21. கீழே பார்த்தார். மறுபடியும் கடிகாரம்.

சைக்கிளில் ஏறி ஒற்றைக்காலை ஊன்றிக்கொண்டார். சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்துவிட்டு, கடிகாரத்தின் திருகை நகத்தால் வெளியே இழுத்தார். பெரிய முள்ளை நிதானமாக, கொஞ்சம்கூடத் தாண்டிவிடாமல், 10.40-க்கு நகர்த்தி நிறுத்தினார். திருகை அழுத்தி மூடினார். பிறகு பிரேக்கிலிருந்து விரலை எடுத்தார்.