மைனஸ் இருபதில் ஒரு மாட்டுப் பொங்கல்

என் வீட்டுக்காரர் கோதண்டத்துக்குக் குளிர் ஆகவே ஆகாது. கார்த்திகை மழை விட்டதும் விடாததுமாக மங்கி குல்லா எங்கே, மங்கி குல்லா எங்கே என்று பீரோவைக் குடைய ஆரம்பித்துவிடுவார். எங்கள் மண்ணூரில் அப்படி என்ன பெரிய குளிர் அடித்துவிடுகிறது? பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும். விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் துப்பட்டாவைக் காதோடு சேர்த்துச் சுற்றிக்கொள்வார்கள். ஏரிப் பக்கம் எதிரில் வருகிற லாரி கிட்ட வந்த பிறகுதான் தெரியும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் போச்சு. இந்தக் குளிருக்கே அவர் கம்பளி, காதில் பஞ்சு, சுக்குக் காபி என்று கல்யாண அமர்க்களம் பண்ணுவார். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழி வேறு. தரையைத்தானே துளைக்கிறது, உனக்கென்னய்யா வந்தது என்பேன்.

இப்படிப்பட்ட மனுஷனைத்தான் அந்தப் பெருமாள் தேடித் தேடிக் குளிர் இருக்கிற இடமாகப் பார்த்து அனுப்பினார்.

கல்யாணமானதிலிருந்து பல வருஷம் அவர் சேஸிஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரகடம் பக்கத்து லாரி கம்பெனியிலிருந்து கூடு கட்டாத வண்டி வெளியே வரும். இன்ஜின், ஆறு சக்கரம், ஸ்டீயரிங், உட்கார ஒரு பலகை. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது, தலைக்கு மேலே வானம்தான். அதை அப்படியே ஓட்டிக்கொண்டு போய் வடநாட்டில் கூடு கட்டுகிற பட்டறையில் விட்டுவிட்டு ரயிலில் திரும்ப வேண்டும். நம் ஊரில் மே மாத வெயிலுக்கே அது தண்டனை. தை மாதத்தில் ஹரியானாவுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். மூஞ்சியில் பனி ஊசி ஊசியாகக் குத்துமாம். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, சட்டைக்குள் நாலு மடிப்புச் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு ஓட்டுவாராம். "இந்தி பேப்பருதான் மரகதம் நல்லா சூடு தாங்குது. அவன் நெறய மை ஊத்தறான்" என்று ஒருமுறை ஊர் திரும்பி ஆராய்ச்சி முடிவு சொன்னார். குளித்தபோது பார்த்தால் நெஞ்சில் நிஜமாகவே இந்தி எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு தடவை கர்னால் தாண்டி வண்டி நின்றுவிட்டது. டீ குடிக்க இறங்கியவர் திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் வண்டி மூச்சுக்கூட விடவில்லை. டீசல் கெட்டிப்பட்டுப் போயிருந்தது. சுற்றிலும் மூடுபனி, பாஷை தெரியாது, உடம்பை மறைக்கக் கதவில்லாத வண்டி. பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்காரர் ஒருவர் வைக்கோலைக் கொண்டுவந்து கொட்டி, போர்வை போர்த்தி, வெல்லம் போட்ட பாலைக் கொடுத்திருக்காவிட்டால் நான் அன்றே தாலி அறுத்திருப்பேன். அந்தக் கதையை மட்டும் அவர் சிரிக்காமல்தான் சொல்லுவார்.

பிறகு அந்தக் கம்பெனியிலேயே வண்டி சோதிக்கிற டிரைவராக எடுத்துக்கொண்டார்கள். அப்பாடா, இனி ஒரகடத்து டிராக்கிலேயே சுற்றிச் சுற்றி வருவார், மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார் என்று நினைத்தேன். நான் கம்பெனிப் பெண்கள் தங்குகிற ஹாஸ்டலில் சமையல் பார்க்கிறேன். அவருக்கு ஷிப்ட், எனக்கும் ஷிப்ட். பெண் மதிவதனி வளர்ந்து, அவளும் ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலைக்குப் போனாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மார்கழியில் வந்து நிற்கிறார், கையில் தொப்பை தொப்பையாக ஒரு கோட்டு.

"மணாலி தாண்டி, சுரங்கத்துக்கு அந்தாண்ட கேலாங்குன்னு ஒரு ஊராம். மைனஸ் இருவது போவுமாம். புது வண்டி அந்தக் குளிர்ல ஸ்டார்ட் ஆவுதான்னு பாக்கணுமாம்."

"மைனஸுன்னா இன்னான்னு தெரியுமாய்யா ஒனக்கு? ஒனக்கு இங்க பிளஸ்லயே பல்லு கிட்டுது!"

"அதனாலதான் என்ன அனுப்பறானுங்க. நான் தாங்குனா வண்டி தாங்கும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மதிவதனிக்கு வாலாஜாபாத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. கார்த்திகையில் வைத்திருந்த நிச்சயதார்த்தத்தை வெள்ளம் தள்ளிவைத்துவிட்டது. இப்போது தை பிறந்து ஒரு வாரத்தில் அதற்கு மறுபடி முகூர்த்தம். இரண்டாவது தடவையும் தள்ளினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொங்கல் முடிஞ்ச கையோட வூட்ல இருப்பேன். தட்டு வாங்க நான் வராம எவன் வருவான்?" என்று மதிவதனி தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார். பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, இஞ்சித் தொக்கு, ஒரு டப்பா சூடம் எல்லாம் கட்டிக் கொடுத்து அனுப்பினேன். சூடத்தை நான்தான் வைத்தேன்; சாமி துணை வேண்டுமே!

அங்கே போய் அவர் பட்ட பாட்டைத் தினமும் போனில் கேட்பேன். போனையே அக்குளில் வைத்துக்கொண்டு திரிவாராம், இல்லாவிட்டால் குளிரில் செத்துப்போகுமாம். மறுநாள் போடுகிற காலுறையை ராத்திரியே போர்வைக்குள் எடுத்துப் போட்டுக்கொண்டு படுப்பாராம். இஞ்சித் தொக்கை உளி வைத்துப் பெயர்த்துச் சாப்பிட்டார்களாம். தங்கியிருந்த வீட்டு அம்மா தகர அடுப்பை மூட்டி வைத்து, உப்பும் வெண்ணெயும் போட்ட டீ கொடுப்பாராம். "டீயில உப்பு போடறாங்கோ மரகதம். மொத நாளு கொமட்டிச்சி. இப்ப ரெண்டு தம்ளர் கேட்டு வாங்கி குடிக்கறேன்" என்றார். ஆச்சரியமாக இருந்தது எனக்கு. குரலில் ஒரு முனகல் இல்லை. மங்கி குல்லா மனுஷனா இவர்?

அவர்கள் வேலை இதுதான். சாயங்காலமே வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்திவிட வேண்டும். ராத்திரி முழுக்க அது குளிரில் ஊறும். ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது, மூச்சுக்காற்றுகூடப் படக் கூடாது. வண்டியில் அங்கங்கே ஒயர் மாட்டி எவ்வளவு குளிர் என்று கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டே இருக்கும். விடிந்ததும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆக வேண்டும். இப்படி அடுத்தடுத்து மூன்று விடியல். நடுவில் ஒன்று கெட்டால் மறுபடி முதலிலிருந்து. இதையெல்லாம் பார்த்துக்கொண்டது நெல்லையப்பன் என்கிற இன்ஜினியர் பையன், திருநெல்வேலிக்காரன். அவரை அண்ணாச்சி அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவான்.

இரண்டு விடியல் நன்றாகவே முடிந்தது. மூன்றாவது விடியல் மாட்டுப் பொங்கல் அன்றைக்கு. அது முடிந்தால் மத்தியானமே ஜீப்பில் எல்லோரும் கீழே இறங்குவதாக ஏற்பாடு.

இவர் வீட்டில் ஒரு காலத்தில் நாலு ஜோடி மாடு நின்றது. நிலம் போய் மாடும் போன பிறகு மாட்டுப் பொங்கலுக்கு வீட்டு வண்டிக்குத்தான் மஞ்சள் குங்குமம், மாலை, சூடம் எல்லாம். எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் இப்போது அப்படித்தான். மாட்டுக் கொட்டகையில் ஸ்கூட்டி நிற்கிறது, அதற்குத்தான் பொங்கல் ஊட்டாத குறை. அன்றைக்கு மலையில் விடிந்ததும் இவருக்கு மனசு கேட்கவில்லை. மூன்று ராத்திரியாகப் பனியில் ஊறி நிற்கிற வண்டி, மாடு மாதிரிதானே! எவர்சில்வர் தட்டில் நான் கொடுத்த சூடத்தைக் கொளுத்தி, வண்டி முகத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றி, தட்டை பம்பருக்கு அடியில் வைத்துவிட்டுக் கும்பிட்டிருக்கிறார். பம்பருக்குப் பின்னால்தான் ஒயர்களில் ஒன்று இருந்திருக்கிறது.

வண்டி ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நெல்லையப்பன் மட்டும் கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். குளிர்க் கோடு சடாரென்று மேலே ஏறி இறங்கியிருந்தது.

"ஒயர்ல ஏதோ கோளாறு போல அண்ணாச்சி. அப்படியே எழுதிட்டு மூட்டையக் கட்டுவோம்."

அங்கே வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா இல்லையா?

"ஒயர்ல ஒன்னும் இல்ல தம்பி. நான்தான் சூடம் ஏத்துனேன்" என்றாராம்.

"என்ன காரியம் பண்ணிட்டிய அண்ணாச்சி! பண்ணுனதுதான் பண்ணுனிய, சொல்லாமயாவது இருந்திருக்கலாம்லா? மவளுக்கு நிச்சயம்னு சொன்னியளே!"

இதையெல்லாம் அவரே போன் பண்ணி என்னிடம் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது.

"தவள தன் வாயால கெடுமாம், நீ அந்த ஜாதிதான்யா! அந்தப் புள்ளயே எழுதிடறேன்னு சொல்லும்போது ஒனக்கு இன்னா வந்துச்சி? வண்டிதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே!"

"சூடு காட்டி ஸ்டார்ட் ஆச்சோ, தானா ஆச்சோ, யாருக்குத் தெரியும்? நாளைக்கி எவனாவது இந்த வண்டிய நம்பி இந்த மலைக்கி வருவான் மரகதம். அவனுக்கு வைக்கோலு குடுக்க ஆளு இருக்குமா?"

"சரி, காதுல பஞ்சு வச்சிக்கோ" என்று போனை வைத்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தீரவில்லை.

அன்று சாயங்காலமே பனி கொட்ட ஆரம்பித்தது. ரோடு மூடிவிட்டது, டவரும் போய்விட்டது. பனி கொட்டுகிற நாளில் மேகம் மூடியிருப்பதால் சோதனைக்கு வேண்டிய குளிர் இல்லையாம். வானம் தெளிந்த பிறகுதான் மறுபடி முதலிலிருந்து மூன்று விடியல். நடுவில் ஒரே ஒரு தடவை போன் கிடைத்தது. "நிச்சயத்தத் தள்ளாத மரகதம்" என்ற வரைக்கும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நிச்சயத்தன்று வாலாஜாபாத்திலிருந்து வேன் வந்து இறங்கியது. வாசலில் பந்தல், வாழை, வடை வாசனை, எல்லாம் குறைவில்லாமல்தான் இருந்தது. அவர் மட்டும் இல்லை. மதிவதனி பட்டுப்புடவையில் உட்கார்ந்துகொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்கவும் இல்லை, அழவும் இல்லை.

தாம்பூலத் தட்டு மாற்றுகிற நேரம் வந்தது. அவருடைய அண்ணன் அண்ணாதுரை, பட்டுச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். நல்ல மனுஷர்தான். அண்ணன்காரர், முறை இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை.

"தம்பி இல்லாத எடத்துல நானும் எங்க வூட்டுக்காரி கனகமும் ஒக்காந்து வாங்கறோம். இன்னா சொல்ற மரகதம்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டத்தான் போனேன். ஆனால் கழுத்து ஆடவில்லை. அவர் கர்னாலில் நின்றபோது மதிவதனிக்கு அம்மை. அவர் நாக்பூரில் இருந்தபோது அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டதும் நான். அவர் இல்லாத நாளெல்லாம் இந்த வீட்டுக்கு அப்பாவும் நான்தானே?

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. நானே வாங்கிக்கறேன்."

பந்தலில் சலசலப்பு. "ஒத்தப் பொம்பளையா..." என்று யாரோ இழுத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா புருஷோத்தமன் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த தன் மனைவியின் கையில் தட்டைக் கொடுத்தார்.

"அப்ப நீயே குடும்மா. அம்மாவும் அம்மாவும் மாத்திக்குங்க. ராகுகாலம் வரப்போவுது."

நான் பாயில் உட்கார்ந்து தட்டை வாங்கினேன், என் தட்டைக் கொடுத்தேன். வெற்றிலை, பாக்கு, பூ, பழம். கெட்டியாகத்தான் பிடித்திருந்தேன். யாரோ குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில்தான் மதிவதனியின் போன் அடித்தது. அவள் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"மரகதம்! ஒரே சாவி! சூடம் இல்ல, ஒன்னும் இல்ல, மைனஸ் இருவத்தி நாலுல ஒரே சாவி! மூணு நாளும் முடிஞ்சிச்சி!"

"யோவ், இன்னிக்கி ஒம் பொண்ணுக்கு நிச்சயம்யா! வண்டிக்கி இல்ல!"

பந்தலே சிரித்தது.

"தெரியும் மரகதம். அதான் டவருக்காக மேட்டு மேல ஏறி வந்து நிக்கறேன். தட்டு யாரு வாங்குனது?"

"நான்தான்."

"நீயா? நல்லதாப் போச்சி. நானா இருந்தா கீழ போட்டிருப்பேன். விடிஞ்சதுலேருந்து கை நடுங்கிகினே கீது."

அண்ணாதுரை மாமா போனுக்குக் குனிந்து கத்தினார். "மைனஸுல நிக்கற, நடுங்காம இன்னா பண்ணும்? போயி நெருப்புல காட்டுடா!"

"குளுரு இல்லண்ணா. குளுருக்கு நடுங்கறது எனக்குத் தெரியாதா? இது வேற. பொண்ணக் குடுக்கறோம் இல்ல?"

மதிவதனி "அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து அழுதாள். புருஷோத்தமன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு, "சரிய்யா, மேட்டுல நிக்காத, போயி அடுப்பாண்ட ஒக்காரு" என்றேன்.