மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்

எங்கள் வீட்டில் பத்தாயிரம் குறுக்கெழுத்துப் புதிர்களைப் போட்டு முடித்த மனிதன் ஒருவன் இருக்கிறான். உலகத்தில் வேறெந்த வீட்டிலும் இப்படி ஒரு ஆள் கிடையாது. பத்தாயிரம் என்பது கொஞ்சம் கூடுதல்தான். பாதியைத் தள்ளி, மிச்சத்திலும் ஒரு பிடி எடுத்துவிட்டு நம்புங்கள். 'முடித்த' என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும். சரியாக நிரம்பியிருக்குமா என்பது வேறு விஷயம்.

அவன் என் கொழுந்தன். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த அன்று, அரைக்கால் சட்டையோடு என் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வாசலிலேயே போட்டு உடைத்தவன். ஆகையால் ஐம்பத்தைந்து வயதாகியும் எனக்கு அவன் 'அவன்'தான். ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் ஓட்டுகிறான். இழுத்துச் சாத்தும் கம்பிக் கதவு, பித்தளைக் கைப்பிடி, உட்கார ஒரு முக்காலி. மாடி எண்கள் எரியும் பலகையில் ஒரு கிளிப், அதில் அன்றைய புதிர். காதில் பேனா. பென்சில் எல்லாம் சந்தேகப் பேர்வழிகளுக்கு என்பான். கட்டடத்தில் அவனுக்குப் பெயரே 'கட்டம்'.

அவன் புதிர் போடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தான். லிஃப்ட் மேலே போகும்போது 'கீழிருந்து மேல்' கேள்விகள் மட்டும். இறங்கும்போது 'மேலிருந்து கீழ்'. கம்பிக் கதவு இடமிருந்து வலமாகத் திறக்கும். அந்த இரண்டு நொடியில் இடமிருந்து வலம். சாத்தும்போது வலமிருந்து இடம்.

"ஏன்டா, எந்தக் கேள்விய எப்பக் கேட்டா என்ன?" என்று கேட்டேன்.

"எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணாமா அண்ணி?" என்றான்.

தனக்குத் தெரியாததை லிஃப்டில் ஏறுகிறவர்களிடம் கேட்பான். பதில் வரும்வரை கதவு திறக்காது. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்ட மனிதர்கள் என்ன செய்வார்கள்? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கி ஓடுவார்கள். இவன் அதைப் பேனாவால் எழுதிவிடுவான்.

ஒருநாள் மூன்றாம் மாடி வக்கீலம்மா கட்டுக் கட்டாகக் காகிதத்தோடு இறங்கி வந்தார்.

"அம்மா, மேலிருந்து கீழ். நாலு எழுத்து. நமக்காக அடுத்தவங்ககிட்ட பேசுறவர்."

"தரகர்," என்றார் அந்த அம்மா, யோசிக்காமல்.

மறுநாள் விடை வந்தது: வக்கீல். கொழுந்தன் தாளைத் தூக்கிக் காட்டினான். "ஏம்மா, உங்க உத்தியோகமே உங்களுக்கு மறந்துபோச்சா?"

"கோர்ட்டுக்கு நேரமாச்சுப்பா. கதவத் திறந்தாப் போதும்னு இருந்துச்சு. தவிர, அன்னிக்குக் காலையிலதான் ஒருத்தர் என்னை அப்படித் திட்டிட்டுப் போனார்."

இன்னொரு முறை, 'குளிருக்குப் போர்த்துவது, நாலு எழுத்து' என்று வந்தது. யாரோ 'போர்வை' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். எழுதிப் பார்த்தால் ஒரு கட்டம் மிச்சம். காலுக்கு எட்டாத போர்வையை இழுத்துவிடுவது போல, அவன் அதை 'போர்வையை' என்று இழுத்துவிட்டான். 'கம்பளி' என்று விடை வந்தபோது, "அர்த்தம் ஒண்ணுதானே அண்ணி, குளிர் அடங்கினாச் சரி" என்றான்.

வீட்டிலும் இதே கதைதான். என் வீட்டுக்காரர், "எங்கடா என் கண்ணாடி?" என்று தேடினால், "எத்தனை எழுத்துண்ணே?" என்பான்.

இதெல்லாம் தினப் பத்திரிகைப் புதிர்கள். அவன் உயிரை வைத்திருந்தது வேறொன்றில். அதே கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஒரு வாரப் பத்திரிகை அலுவலகம். மாதத்துக்கு ஒருமுறை அதில் பெரிய புதிர் வரும். கத்தரித்து, நிரப்பி, அனுப்ப வேண்டும். முழுவதும் சரியாகப் போட்டவர்களின் பெயர்களைக் கடைசிப் பக்கத்தில் அச்சடிப்பார்கள். பரிசு அவ்வளவுதான்.

அந்தப் பரிசு போதும் அவனுக்கு. "நம்ம வீட்டுல எல்லார் பேரும் அச்சுல வந்திருக்கு அண்ணி. அண்ணன் பேர் பள்ளிக்கூட மலர்ல, உங்க பேர் காலேஜ் மலர்ல. இவ பேரு கூடத் தையல் போட்டியில ஜெயிச்சப்ப பேப்பர்ல வந்துச்சு. என் பேர் வந்தது வாக்காளர் பட்டியல்ல மட்டும். அதுலயும் தப்பா."

'இவள்' என்றது என் ஓரகத்தியை, அவன் மனைவியை. பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் வேலை. வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டே பேசுகிறவள். "வரும் வரும், அடுத்த மாசம் வரும்" என்பாள். மாதா மாதம் அவன் கடைசிப் பக்கத்தைப் பரீட்சை முடிவு பார்க்கிறவன் போல விரலை வைத்துப் பார்ப்பான். நாற்பது பெயர் இருக்கும். அவன் பெயர் இருக்காது. இப்படிப் பதினோரு ஆண்டும் ஆறு மாதமும் ஓடின.

தபாலில் போடலாமே என்று நானும் சொன்னேன். "ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டுத் தபாலா? கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையறதா?" என்று கேட்டுவிட்டான். ஆறாவது மாடியில், லிஃப்டுக்கு எதிர்ச் சுவரில், பத்திரிகையின் பெயர்ப் பலகைக்குக் கீழேயே ஒரு மரப்பெட்டி. லிஃப்டை விட்டு இறங்கக் கூடாது என்பது அவனுக்கு விதி. ஒரு காலை உள்ளே ஊன்றி, உடம்பை வெளியே நீட்டி, கையை எட்டிப் பெட்டியில் போட்டுவிடுவான். பதினோரு ஆண்டில் ஒருமுறைகூட விதியை மீறவில்லை. மீறியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

போகப் போக அவனுக்குச் சந்தேகம் வந்தது. வேண்டியவர்கள் பெயரைத்தான் போடுகிறார்கள் என்று ஆசிரியருக்கு நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினான். அதையும் அதே பெட்டியில் போட்டான்.

அந்த அலுவலகத்துக்குத் தினமும் வருகிறவர்களில் ஒரு பெரியவர், வெயிலானாலும் மழையானாலும் கையில் குடை. அவரிடமும் இவன் விடாமல் கேட்பான். "சார், கீழிருந்து மேல். ரெண்டு எழுத்து. எல்லாம் தெரிஞ்சும் வாயத் திறக்காதவர்."

"தெரியலையேப்பா," என்பார் குடைக்காரர்.

எதைக் கேட்டாலும் அதே பதில். "பத்திரிகை ஆபீஸ்ல வேலை, ஒரு வார்த்தை தெரியாது. இப்படியும் ஒரு மனுஷன்!" என்று வீட்டுக்கு வந்து எங்களிடம் அலுத்துக்கொள்வான். அவர் முகத்துக்கு நேராகவே ஒருநாள், "கொஞ்சம் படிங்க சார்" என்று சொல்லிவிட்டான்.

சென்ற ஆண்டு கட்டடத்துக்கு வண்ணம் பூச ஆட்கள் வந்தார்கள். ஆறாவது மாடிச் சுவரில் திருகாணியைக் கழற்றி மரப்பெட்டியை எடுத்தார்கள். அடிப்பலகை பிய்ந்துகொண்டது. கொட்டிய காகிதம் முழங்கால் உயரம் இருந்தது. சரி, கணுக்கால். லிஃப்ட் அந்த மாடியில் நின்று, கம்பிக் கதவு இடமிருந்து வலமாகத் திறந்ததும் அதே நேரம். உள்ளே கொழுந்தனும் குடைக்காரரும். நான் நேரில் பார்த்தேன் என்று சொன்னால் கதைக்கு எடுப்பாக இருக்கும், பார்க்கவில்லை. அவன் அன்று மாலை சாப்பிடாமல் சொன்னதைச் சொல்கிறேன்.

"இந்தப் புகார்ப் பெட்டிக்குச் சாவி தொலைஞ்சு இருபது வருஷம் இருக்குமே," என்றாராம், கூட நின்ற கட்டட மேலாளர். "உள்ள இவ்வளவு புகாரா!"

அது புகார்ப் பெட்டி. எழுத்து அழிந்துபோன கட்டடப் புகார்ப் பெட்டி. பத்திரிகையின் பெட்டி, அலுவலகத்துக் கதவைத் தாண்டி உள்ளே, சிவப்பு நிறத்தில், பத்திரமாக இருந்திருக்கிறது.

குடைக்காரர் குனிந்து ஒரு காகிதத்தை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். குடையைச் சுவரில் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இதெல்லாம் நான் பண்ணின புதிராச்சே," என்றார்.

கொழுந்தனுக்குக் காதிலிருந்து பேனா விழுந்தது. "நீங்களா? அப்புறம் ஏன் சார் ஒரு நாளாவது... எதைக் கேட்டாலும் தெரியலைன்னீங்க!"

"தெரியும்னு சொல்லியிருந்தா என்னை வீட்டுக்கு விட்டிருப்பியாப்பா?"

நூற்று முப்பத்தெட்டுப் புதிர்கள். நடுவில் அந்த நான்கு பக்கக் கடிதமும் இருந்தது. இருபது ஆண்டில் அந்தப் பெட்டிக்குச் சரியாக வந்து சேர்ந்த புகார் அது ஒன்றுதான்.

கொழுந்தன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "சார், இதுல ஒண்ணாவது முழுசா சரியா இருக்குமா?"

"பார்த்துச் சொல்றேன்," என்று குடைக்காரர் அத்தனையையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு உள்ளே போனார்.

மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் லிஃப்டில் ஒரு கேள்வி கிடையாது. பலகையில் கிளிப் வெறுமனே இருந்தது. ஏறினார்கள், இறங்கினார்கள், கதவு உடனே திறந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை.

"என்ன கட்டம், ஒண்ணும் கேக்கலையா? இன்னிக்கு எனக்கு நேரம் இருக்குப்பா," என்றார் வக்கீலம்மா.

"எதுக்கும்மா? நீங்க சொன்னதெல்லாம் இப்ப அங்க திருத்திக்கிட்டிருக்காங்க."

வக்கீலம்மா தலை குனிந்து, நடந்தே இறங்கிப் போனாராம்.

வீட்டில் அவன் சாப்பாட்டைத் தொட்டுவிட்டு எழுந்துவிடுவான். "பெட்டி தப்புங்கறது பரவாயில்ல அண்ணி. அது கைத்தப்பு. நூத்தி முப்பத்தெட்டும் தப்புன்னா? பதினோரு வருஷமா நான் பத்திரிகையைத் திட்டினேனே!" எனக்கே என்னவோ போலிருந்தது. ஓரகத்தி மட்டும், "இருக்கும், ஒண்ணாவது இருக்கும். சாப்பிடுங்க" என்று தட்டை நகர்த்தினாள்.

நான்காம் நாள் காலையில் குடைக்காரர் பையோடு லிஃப்டில் ஏறினார். மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றது. தானாக நிற்கவில்லை.

"சொல்லுங்க சார். சொன்னாத்தான் மேல போகும்."

குடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "நூத்திப் பத்தொன்பது புதிர்ல ஒரே ஒரு வார்த்தை தப்பு. சிலதுல ரெண்டு, மூணு. ஒரு இடத்துல 'போர்வையை'ன்னு எழுதி என்னைச் சிரிக்க வெச்சே." தினப் பத்திரிகையில் இழுத்துவிட்ட அதே போர்வையை இங்கேயும் இழுத்துவிட்டிருக்கிறான்.

"முழுசா சரி?"

"ஒண்ணு."

"ஒண்ணு இருக்கா!"

"இருக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னாடி போட்டது. அடித்தல் திருத்தல் இல்ல. அதுதான் நான் பண்ணினதுலயே கஷ்டமான புதிர். அந்த மாசம் ஒன்பது பேர்தான் சரியா எழுதினாங்க. நீ பத்தாவது."

கொழுந்தன் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். கையெழுத்துக் கூடக் கொஞ்சம் திருத்தமாக இருந்தது. "அன்னிக்கு நல்ல பேனா போல," என்றான். லிஃப்ட் ஒன்பதாம் மாடி வரை போய், குடைக்காரரை இறக்க மறந்து, கீழே வந்து, மறுபடி மேலே போயிற்று.

அடுத்த வாரப் பத்திரிகையில், கடைசிப் பக்கத்தின் அடியில், ஒரு சின்னக் கட்டம்: 'ஆறு ஆண்டு தாமதமாகக் கையில் கிடைத்த சரியான விடை'. அதன் கீழே அவன் பெயர். எழுத்துப் பிழை இல்லாமல். அவன் அந்த இதழில் பன்னிரண்டு பிரதி வாங்கினான். ஒன்று லிஃப்டுக்குள் ஒட்டியிருக்கிறது. வக்கீலம்மா மூன்றாம் மாடியில் இறங்காமல் அதை ஒன்பதாம் மாடி வரை நின்று படித்தார் என்பார்கள். பெயர் ஒருமுறை வந்தால் புதிரை விட்டுவிடுவேன் என்று சத்தியம் செய்திருந்தவன், மறுநாள் காலையிலேயே கிளிப்பில் புதுப் புதிரைச் செருகிவிட்டான். இப்போது குடைக்காரரிடம் மட்டும் எதையும் கேட்பதில்லை.

இதுவரை எழுதியதை நேற்று மாலை கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். அவன் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை. என் வீட்டுக்காரர் பாதியிலேயே தூங்கிவிட்டார். ஓரகத்தி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, வாயிலிருந்த ஊசியை எடுத்தாள்.

"எல்லாம் சரிதான் அக்கா. ஒரு இடம் மட்டும் தப்பு. அந்த ஒண்ணு அவர் போட்டதில்ல. அந்த வாரம் அவருக்கு நல்ல காய்ச்சல். நான் போட்டு, அவர் பேரை எழுதி, மடிச்சுச் சட்டைப் பையில வெச்சேன். காய்ச்சலோட தானே போட்டதா நெனச்சுக்கிட்டார். நானும் ஒண்ணும் சொல்லல. அன்னிக்கு நான் யாரையும் எதுவும் கேக்கல அக்கா. அதான் சரியா வந்துடுச்சு."