வாயாடிப் பெண்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறவர். அவரும் மனைவியும் ஒரே விசைத்தறிக் கூடத்தில் வேலை. அவருக்கு இரவு, அவளுக்குப் பகல். தறிகள் ஓடும்போது பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் குரலை வீணாக்குவதில்லை. வாயை மட்டும் அகலமாக அசைப்பார்கள், எதிரில் இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். வருடக்கணக்கில் அப்படியே பேசி, வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. இருவருக்கும் காது பாதி போய்விட்டது.

அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். அப்பா அம்மா வாயைப் பார்த்துத்தான் பேசக் கற்றுக்கொண்டாள். முதலில் அப்பாவின் தோளைத் தட்டுவாள். அவர் திரும்பியதும் முகத்துக்கு நேரே உதட்டை அசைப்பாள். மனிதருக்குப் பெருமை பிடிபடவில்லை.

“யாரும் சொல்லித் தரலைங்க, பாத்தே புடிச்சுக்கிட்டா. நான் மீசை வெட்டினா இவளும் மேல் உதட்டை இழுத்துக்கிட்டு நிக்கிறா. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. சரியான வாயாடி!”

என் மனைவி ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அண்ணே, பாப்பா பேசும்போது சத்தமே வரலையே. டாக்டர்கிட்ட காட்டுங்களேன்.”

“நாள் பூரா பேசுறவளுக்கு என்னத்துக்கு டாக்டர்? அழுதா ஊரைக் கூட்டுறாளே, தெரியாதா உங்களுக்கு?” என்று எரிந்து விழுந்தார். கொஞ்ச நாள் எங்களோடு முகம் கொடுத்தே பேசவில்லை. நல்லதைச் சொன்னால் பொல்லாப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

பிறகு ஒருநாள் காலை, இரவு வேலை முடிந்து வந்தவர், குழந்தையைப் பக்கத்தில் விளையாட விட்டுவிட்டு அசந்து தூங்கிவிட்டார். நாங்களும் வெளியே போயிருந்தோம். திரும்பி வந்தபோது அவர் வீட்டுக்குள் அலறிக்கொண்டிருந்தார். “பாப்பா! எங்கம்மா இருக்க?” கட்டிலுக்கு அடியில் இல்லை, குளியலறையில் இல்லை.

“வீட்ல இருந்தா குரல் குடுத்திருக்கும்ல?” என்றார் சத்தம் கேட்டு வந்த தெருமுனை மளிகைக்கடைக்காரர்.

“ஆமா, அவ வாயாடிங்க. கூப்பிட்டா பதில் சொல்லாம இருக்க மாட்டா!” என்று சொல்லிக்கொண்டே தெருவுக்கு ஓடினார். அவர் பின்னால் நாங்கள் எல்லோரும் ஓடினோம். சாக்கடை, லாரி நிற்கும் இடம், பாதி கட்டிய வீடு என்று ஓரிடம் விடாமல் தேடினோம். நல்ல வெயில்.

தகவல் தெரிந்து தறிக்கூடத்திலிருந்து ஓடி வந்த அவர் மனைவி நேரே வீட்டுக்குள் போனாள். படுக்கை வைக்கும் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் போர்வைகள் தரையில் கிடந்தன. அவற்றை வெளியே இழுத்துப் போட்டது யார் என்று அவளுக்குத்தான் கேட்கத் தோன்றியது. பெட்டியின் மூடி விழுந்து கொக்கி மாட்டிக்கொண்டிருந்தது. திறந்தவள் போட்ட அலறலில் நாங்களும் உள்ளே ஓடினோம்.

குழந்தை வேர்வையில் ஊறிக் கிடந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அழவும் தெம்பில்லை, ஆனால் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஓடி வந்த அவர் அந்த உதட்டைப் பார்த்தார். அவளை வெளியே தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

“‘இங்கப்பா, இங்கப்பா’ங்கிறா,” என்றார் எங்களிடம். “நான் கூப்பிட்டப்பல்லாம் பதில் சொல்லியிருக்கா.”

அடுத்த நொடி அவளைத் தோளைப் பிடித்து உலுக்கினார். “சத்தமா சொல்லு! கத்தும்மா! அப்பான்னு கத்து!”

அப்பாவின் முகத்தை அப்படி ஒரு கோலத்தில் அவள் பார்த்ததே இல்லை. தான் சொன்னதுதான் தப்பு என்று நினைத்தாளோ என்னவோ, உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.