வடிகாலில் போட்ட கோதுகள்

மகளின் ஜக்கெற்றைத் துவைக்கப் போடுமுன் பொக்கற்றைத் தடவிப் பார்த்தேன். ரிசுப் பேப்பரும் பஸ் கார்ட்டும் அதற்குள் கிடப்பது வழக்கம். அன்று கையில் வந்தவை பித்தளைக் கோதுகள். வெடித்து முடிந்த ரைபிள் ரவைகளின் வெற்றுக் கோதுகள்.

அவள் ஒஷாவா நகருக்கு அப்பாலுள்ள ஒரு ரேஞ்சில் குறிபார்த்துச் சுடப் பழகுகிறாள் என்பது எனக்குத் தெரியும். முறைப்படி லைசன்ஸ் எடுத்திருக்கிறாள். ரைபிள் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. எல்லாம் தெரிந்திருந்தும் என் கை தன்பாட்டில் வேலை செய்தது. கோதுகளைப் பேப்பரில் சுற்றி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய், தெருமுனையிலுள்ள மழைநீர் வடிகாலின் கம்பிகளுக்கிடையால் போட்டேன். தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

நான் இளைஞனாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்பு நடக்கும் நாட்களில் ஒரு கோது வீட்டில் அகப்பட்டாலே ஆமிக்காரர் ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். யாரோ சுட்டு எங்கள் வளவில் விழுந்த கோதையும் உடனே கிணற்றுக்குள் போட்டுவிடுவோம். இங்கே கிணறு இல்லை.

மாலையில் வேலையால் வந்தவள் கேட்டாள்.

“அப்பா, என்ர ஜக்கெற்றுக்க கிடந்த ரவைக் கேஸ் எல்லாம் எங்க?”

“எறிஞ்சிட்டன்.”

“கார்பேஜிலயா?”

“ரோட்டு வடிகாலுக்க.”

“சீரியஸ்லி? ஆரப்பா உங்களைத் துரத்தினது?”

சிரிக்கத் தொடங்கியவளின் முகம் பிறகு மாறியது. அவை அடிப்பக்கம் வீங்கிக் கிழிந்த கோதுகளாம். அவளுடையது மலிவான செமி ஒட்டோமற்றிக். சுட்டதும் பழைய கோதை வெளியே எறிந்துவிட்டு, அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். ஆனால் இதில் சிலவேளை ரவை முழுதாக உள்ளே போகுமுன்பே வெடித்துவிடுகிறது. அப்போது கோது கிழிந்து சூடும் துகளும் பக்கவாட்டால் பாய்கின்றன. முதல் தடவை, அதை வாங்கிய கடையில் சொன்னபோது, துடைத்து எண்ணெய் போட்டால் சரிவரும் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் அவர்களிடம் காட்டவென்று கிழிந்த கோதுகளைச் சேர்த்து வைத்திருந்தாள்.

அவள் இடக்கைக்காரி. கோது வெளியேறும் பக்கம் அவள் முகத்துக்கு நேரே வரும். அவளுடைய கன்னத்திலிருந்த சின்னச் சிவப்பைப் பரு என்று நினைத்து, மஞ்சள் பூசச் சொன்னவன் நான்.

“பரவாயில்லை. சனிக்கிழமை போய் இன்னும் கொஞ்சம் சுட்டு எடுத்துக்கொண்டு வாறன்.”

“வேண்டாம்.”

“கண்ணாடி போட்டுத்தானப்பா சுடுறனான்.”

“வேண்டாம் பிள்ளை. கடைக்கு நான் வாறன்.”

“வந்து?”

“நான்தான் எறிஞ்சனான் எண்டு சொல்லுறன்.”

“ஐயோ. கடையில நிக்கிற அந்தாள் சிரிக்கப்போகுது.”

“சிரிக்கட்டும்.”

கடைச் சுவர் முழுக்கத் துப்பாக்கிகள். மேசைக்குப் பின்னால் நின்றவருக்குத் தெரியும்படி இரண்டு கைகளையும் அதன் கண்ணாடிமேல் வைத்துக்கொண்டேன். கோதுகள் என் கையில் இருந்தன, நான்தான் எறிந்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஊரில் விசாரணை மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒருவரிடம் அப்படிச் சொல்ல நேர்ந்துவிடக் கூடாதென்றுதான் ஒரு காலம் முழுக்கப் பயந்திருந்தேன். ஏன் எறிந்தீர்கள் என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றேன். அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை.

அவர் சிரிக்கவில்லை. ரைபிளை வாங்கி வைத்துக்கொண்டார். அதை ஓர் இரும்புப் பிடியில் இறுக்கிப் பூட்டி, ஆள் தள்ளி நின்று சுட்டுப் பார்ப்பதாகச் சொன்னார்.

அடுத்த கிழமை மகள் கடைக்குப் போய் ரைபிள் இல்லாமல் திரும்பி வந்தாள். அவர்கள் சுட்டபோதும் கோது கிழிந்ததாம். அந்த ரைபிளைத் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு தருவார்களாம். பிளாஸ்ரிக் பையில் போட்ட ஒரு கோதைக் குசினி மேசையில் வைத்தாள். அதன் அடிப்பக்கம் வாய் பிளந்திருந்தது. என் கண் அவள் கன்னத்துக்குப் போய் வந்தது.

“இதைத் தொடாதேங்கோ, அப்பா.”

“ஓம்.”

அவள் குளிக்கப் போனாள். நான் கோதைத் தொடவில்லை. எழுந்து போய், தெருவைப் பார்த்த ஜன்னலின் திரையை இழுத்து மூடினேன்.