மக்காச்சோளக் காட்டில் அக்காவின் அவரைச் சால்

எங்கள் அக்கா மறைந்து இந்த வைகாசியோடு ஓராண்டு ஆகிறது. "சாந்தமே உருவானவர்னு எழுதுடா" என்றார் பெரியப்பா. மாட்டேன் என்றேன். அக்காவிடம் ஒரு முறையாவது வாதாடியவர்கள் இந்த நினைவு மலரைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

அக்கா கெலமங்கலத்தில் பிறந்தார். அம்மா இறந்த பிறகு எங்களை வளர்த்தவர் அவர்தான். நாட்றாம்பாளையத்து மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். மலையடியில் மழையை நம்பிய காடு. கேழ்வரகு விதைக்கும்போதே இடையிடையே ஒரு சால், அதாவது ஓர் உழவு வரிசை, அவரை விடுவது அந்தப் பக்கத்து வழக்கம். அந்தச் சாலில் விதை போடுவதும் காய் பறிப்பதும் வீட்டுப் பெண்ணின் உரிமை. மார்கழி முழுக்கக் களிக்குக் குழம்பு அதிலிருந்துதான்.

ஒரு வருடம் பிளாக் ஆபீஸில் மக்காச்சோள விதை கொடுத்தார்கள். மாமா விதைத்தார். கேழ்வரகுக்குச் செய்வது போலவே அக்கா அன்றைக்கே அவரையும் போட்டார். கேழ்வரகு குட்டைப் பயிர், சோளம் அப்படியில்லை. கொடி சோளத்தின் மேல் ஏறிப் பின்னிக்கொண்டது. ஆவணிக் காற்றில் இரண்டும் சேர்ந்து சாய்ந்தன.

பக்கத்துக் காட்டு முனியப்பண்ணன் வரப்பில் நின்று கேட்டார்: "இன்னாம்மா, சோளத்துக்குத் தூக்கு மாட்டிட்டியா?"

"ஆமாண்ணா. கயிறு மீந்து கீது, உனக்கும் வேணுமா?"

வெளியில் இந்தச் சிரிப்பு. வீட்டில் மாமா கறாராகச் சொன்னார்: "வர்ற வருசம் சோளம் மட்டுந்தான். அவரைய சந்தையில வாங்கிக்கலாம்."

"சந்தைக்கு ஒரு நாள் நடப்ப. தெனம் நடப்பியா?"

மறு வருடம் விதைப்பன்று அக்கா காட்டுப் பக்கமே போகவில்லை. இரண்டாம் களை எடுத்து, சோளம் இடுப்பளவு வளர்ந்த பிறகுதான் அவரையைப் போட்டார். கொடி ஏறுவதற்குள் கதிர் முற்றிவிட்டது. அப்போதுதான் நிஜச் சண்டை.

"கதிர ஒடிச்சிக்கோ. தட்டைய உட்டுரு, கொடி படரணும்."

"அப்ப மாட்டுக்கு இன்னா போடறது? உன் கொடியவா?"

மாமா கேட்டதில் தவறில்லை. கதிர் ஒடித்த பின் நிற்கும் தட்டைதான் மாட்டுக்குத் தீவனம்; அது இல்லாவிட்டால் மாடு இளைக்கும். மாடு இளைத்தால் அடுத்த உழவு இல்லை. சோளத்துக்கு மாறிய பிறகு ஊரில் மற்றவர்கள் அவரையை ஒதுக்கியதும் இதனால்தான். படித்த திமிரில் அவர்களை விவரமில்லாதவர்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. கடைசியில் பாதிக் காட்டுத் தட்டை மாட்டுக்கு, பாதி கொடிக்கு என்று முடிவானது. அந்தப் பாதியை ஒவ்வொரு வருடமும் அக்கா சண்டை போட்டுத்தான் வாங்கினார்.

போன வருடம் பங்குனியில் காய்ச்சல் கண்டது. வைகாசியில், விதைப்புக்கு முன்பே, எங்களை விட்டுப் போய்விட்டார்.

அக்காவை வண்டி கட்டி வைத்தியரிடம் கொண்டுபோனவர்களுக்கும், தலைமாட்டில் மாறி மாறி உட்கார்ந்திருந்தவர்களுக்கும், காரியத்துக்குத் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் மூன்று பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆடியில் மாமா சோளம் மட்டும்தான் விதைத்திருந்தார். இரண்டாம் களை முடிந்த மறுநாள் முனியப்பண்ணன் வீட்டு அண்ணியும் வேறு இரண்டு பெண்களும் மடியில் அவரை விதையோடு எங்கள் காட்டு வரப்பில் வந்து நின்றார்கள்.

"அண்ணா, சால் உட்டா திட்டுவியா?"

மாமா அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சோளத்தைப் பார்த்தபடியே நின்றார்.

"காடு முழுக்கப் போடுங்கம்மா. இந்த வருசம் தட்டைய அறுக்க மாட்டன்."