இட்லித் தட்டில் போல்ட்டுகள்

மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே, அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. இங்கே எந்த இரும்பும் நெடுநாள் தாங்காது. ஜன்னல் கம்பி, கேட்டின் கொண்டி எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்றுவிடும். என் மகனின் மோட்டார் சைக்கிளையாவது காப்பாற்றலாம் என்று, மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதன் ஃபேரிங்கைக் கழற்றுவோம். ஃபேரிங் என்பது என்ஜினையும் ஹெட்லைட்டையும் சுற்றி மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை. உள்ளே படிந்த உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, போல்ட்டுகளுக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவி, திரும்ப மாட்டுவோம்.

போல்ட்டுகள் எல்லாம் கறுப்பு, பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீளத்தில்தான் வித்தியாசம், அதுவும் நகக்கண் அளவு. எங்கே கழற்றியதை அங்கேயே போட வேண்டும் என்பதற்காக மகன் ஒரு பழைய இட்லித் தட்டைப் பிடித்து வைத்திருந்தான். வண்டியின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குழி. மருமகள் செங்கல்பட்டுக்காரி, வாய் சும்மா இருக்காது.

"மாமா, அந்தத் தட்டு அடுப்பங்கரைப் பக்கம் வந்துச்சுன்னா, அப்பனுக்கும் புள்ளைக்கும் அதுலயே இட்லி ஊத்திடுவேன்."

"ஊத்து. கிரீஸ் கீது, அப்பவாவது ஒட்டாம வரும்" என்பான் மகன்.

மற்ற நாட்களில் எனக்கும் அவனுக்கும் பெரிதாகப் பேச்சு கிடையாது. அவன் படித்த காலத்தில் நான் அவனிடம் மதிப்பெண்ணைத் தவிர வேறு எதையும் விசாரித்ததில்லை. அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அவன் வேலை சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழியாகத் தினமும் வண்டியில்தான் போய்வருவான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் நாங்கள் அப்பாவும் மகனுமாக இருந்த நேரம்.

போன மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிறு, கூடுதல் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து அவன் தூங்கிக்கொண்டிருந்தான். படுக்கும் முன், "எழுந்து வந்து சேர்ந்து பண்ணலாம்ப்பா, நீங்க தனியா கை வைக்காதீங்க" என்று சொல்லியிருந்தான். அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. அரசு ஆராய்ச்சிக்கூடத்தில் ஆயுள் முழுக்க இயந்திரங்களோடு இருந்தவனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறையைக் கழற்றத் தெரியாதா என்று நானே ஆரம்பித்தேன். கழற்றியது, கழுவியது எல்லாம் சரியாகவே நடந்தது. ஹோஸைச் சுருட்டும்போது கால் பட்டு இட்லித் தட்டு கவிழ்ந்தது. போல்ட்டுகள் ஈரத் தரையில் உருண்டு ஒன்றோடொன்று கலந்தன.

அவனை எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. பொறுக்கி எடுத்து, கண்ணளவில் நீளம் பார்த்துப் போட்டேன். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் ஒன்று கடைசியில் இறுகிக்கொண்டது. இடம் மாறிவிட்டதோ என்று தோன்றியது. தோன்றியும் இன்னும் அரைச்சுற்று முறுக்கினேன்.

அவன் எழுந்து வந்தபோது வண்டி பளபளவென்று நின்றது.

"நீங்களேவா பண்ணீங்க? இன்னாப்பா, கலக்கிட்டீங்க" என்றான். பிறகு தட்டைப் பார்த்து, "குழியில இருந்த மாதிரியே மாட்டினீங்கல்ல?" என்றான்.

"ஆமா" என்றேன்.

அந்த வாரமே, பொழுது சாயும் நேரத்தில் திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும் சாலையில் அவன் விழுந்தான். மணிக்கட்டு உடைந்தது, தோள் இறங்கிவிட்டது. "வளைவுல திடீர்னு லைட்டு ஆஃப் ஆயிடுச்சு" என்றான் ஆஸ்பத்திரியில். மருமகள் நம்பவில்லை.

"லைட்டு அணைஞ்சதாம். பறந்துகினு வந்திருப்பே, அதைச் சொல்லு. நீங்களே கேளுங்க மாமா."

அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. நான் மகனைப் பார்த்து, "கொஞ்சம் நிதானமா வந்திருக்கலாம்" என்றேன். அதைச் சொல்லும்போது என் விரல்களில் அந்த அரைச்சுற்று இருந்தது.

வண்டி வீட்டுக்கு வந்ததும், யாரும் இல்லாத நேரம் பார்த்து ஃபேரிங்கைக் கழற்றினேன். நீள போல்ட்டின் முனை வயர்க்கட்டில் அழுந்தி, ஓடிய அதிர்வில் மேலுறை தேய்ந்து, உள்ளே செம்பு தெரிந்தது. ஃபியூஸ் போயிருந்தது. வயருக்கு டேப் சுற்றி, ஃபியூஸை மாற்றி, சரியான போல்ட்டைத் தேடிப் போட்டு மூடினேன். பழுதைச் சரிசெய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தடயத்தை மறைத்தேன் என்பதுதான் உண்மை.

வண்டியை விற்றாக வேண்டும் என்று மருமகள் பிடிவாதமாக நின்றாள். கையில் கட்டோடு மகன், வாங்க வந்தவரிடம், "விழுந்த வண்டிதான் அண்ணாத்த. வண்டி மேல தப்பில்ல, என் மேலதான்" என்றான். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவன் பார்த்தபடி நின்றான்.

அன்று மாலை அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டு, அரைச்சுற்று, டேப்.

"கவுந்துச்சுன்னு சொல்லியிருந்தா, உக்காந்து மறுபடி பிரிச்சு மாட்டியிருப்போம்" என்றான். "அவ்ளோதானேப்பா."

"அவகிட்டயும் சொல்லிடறேன்."

"வேணாம். அவ விட மாட்டா. நீங்க இந்த வூட்டுல சாப்பிடணும்ல."

இப்போது அவன் கம்பெனி பஸ்ஸில் போகிறான். தோள் இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியம்வரை தூங்குகிறான், எழுந்தால் ஃபோனைப் பார்க்கிறான். சோறு பரிமாறும்போது மருமகள் எதற்காவது அவனிடம் கோபித்துக்கொண்டால், பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும்: "வண்டியைப் பறக்கவிட்டு எங்களை அலைய வச்ச ஆளுதானே." அவன் தலையைக் குனிந்து இடது கையால் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். அடுத்த கரண்டிக் குழம்பை அவள் எனக்கு ஊற்றுவாள், "இன்னும் கொஞ்சம் மாமா" என்று.

பல மாதங்களாக அந்தச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மகன் வேண்டாம் என்றதை மதிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வதும் எனக்கு வசதியாகத்தான் இருக்கிறது. அதனால் இதை எழுதினேன். வேறு யார் படிப்பதற்கும் முன்னால் மருமகளிடம்தான் கொடுக்கப்போகிறேன். அவள் இப்போது மாடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள்.