முந்நூத்திப் பதினேழு பொருட்காட்சிக்குப் போன சாயங்காலம்

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நம்பாத ஆளு நான். நம்பறதுக்கு நேரம் கிடைச்சதில்லைங்கறதுதான் நிஜம். நாள் பூரா இரும்போட மல்லுக்கட்டிட்டு, திருவொத்தியூர்லேர்ந்து ராயபுரம் வரைக்கும் எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சு, சட்டையைக்கூட கழட்டாம பாய்ல விழறவன்கிட்ட ஒரு பேய் வந்திருந்தாலும், "நாளைக்கு வாம்மா, இன்னைக்கு முட்டி வலிக்குது"ன்னுதான் சொல்லி அனுப்பியிருப்பேன். அப்படிப்பட்டவன் சொல்றேன். நீங்க சிரிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன். எங்க தெருவுல சாவு வீட்டுலகூட நாலு பேரை சிரிக்க வெச்சுட்டு வர்றவன்னு எனக்குப் பேரு. ஆனா இது நடந்துச்சு.

ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் அப்போ ஒரு பாய்லர் கம்பெனியில ஃபிட்டர். பேரு வேண்டாம், கம்பெனி இன்னும் கீது, நானும் அங்கதான் கீறேன். எங்க ஒவ்வொருத்தருக்கும் நம்பர் போட்ட பித்தளைப் பில்லை ஒண்ணு உண்டு. என்னுது முந்நூத்திப் பதினேழு. காலையில உள்ள நுழையறப்போ கேட்டுல இருக்குற பலகையில நம்ம ஆணியில பில்லையை மாட்டணும், சாயங்காலம் வெளிய போறப்போ எடுத்துக்கிட்டுப் போகணும். பில்லை ஆணியில தொங்குனா ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். ஆளு நிஜமாவே உள்ள இருக்கானான்னு எவனும் வந்து பாக்கறதில்ல. அதனால நான் என்ன பண்ணுவேன்னா, அலுப்பா இருக்குற அன்னைக்கு மத்தியானம் பின்பக்க சுவரேறி குதிச்சுப் போயிடுவேன். என் தோஸ்து கோபாலு அஞ்சு மணிக்கு அவன் பில்லையோட என்னுதையும் எடுத்துக்குவான். கணக்குப்படி நான் கம்பெனியில இருப்பேன், உடம்பு மேட்டினி ஷோவுல இருக்கும். ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்குற கலையை நான் பல வருஷமா பழகிட்டு வந்திருக்கேன்னு வெச்சுக்குங்களேன். இதுல இன்னொருத்தன் பாடம் கத்துக்கிட்டு இருந்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?

என் சம்சாரம் லூர்து. அந்த வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்து, பொறக்கும்போதே உசிரில்லாம பொறந்துச்சு. லூர்து மயக்கத்துல கிடந்தா, குழந்தையைப் பாக்கவேயில்ல. நான்தான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போய் கல்லறைத் தோட்டத்து மதிலோரமா வெச்சுட்டு வந்தேன். ஞானஸ்நானம் வாங்காத குழந்தைக்கு உள்ள இடமில்லைன்னாங்க. அப்புறம் அவ ஒரு வார்த்தை கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல. கோயிலுக்குப் போவா, வருவா, அவ்வளவுதான். கடைத்தெருவுக்குக்கூட போகமாட்டா. என்னோட ஜோக்கெல்லாம் அவகிட்ட செல்லாக்காசு ஆயிடுச்சு.

அப்படி இருந்தவ ஒரு நாள் ஒரு நோட்டீஸைக் கையில வெச்சுக்கிட்டு, "கோட்டை பக்கத்து மைதானத்துல பொருட்காட்சி போட்டுருக்கானாம். காஷ்மீர் கொட்டாய்க்குள்ள போனா குளிருமாமே?"ன்னு கேட்டா. ஒரு வருஷத்துல அவளா கேட்ட முதல் விஷயம் அது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கொட்டகை, பஞ்சாப் டான்ஸு, வங்காளத்து மிட்டாய், ராஜஸ்தான் பொம்மலாட்டம், பர்மாக்காரங்க கடைன்னு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு. கூட்டிட்டுப் போறேன்னேன். போனேனா? மூணு வாரம் தள்ளிக்கிட்டே போச்சு. ஒரு வாரம் ஓவர்டைம், ஒரு வாரம் இடுப்பு, ஒரு வாரம் எந்தக் காரணமும் இல்ல, படுத்தவன் எழுந்திருக்கல.

ஆனா திட்டம் மட்டும் ராத்திரிக்கு ராத்திரி போடுவோம். பாய்ல படுத்துக்கிட்டே நான் சொல்லுவேன், அவ நோட்டீஸ் பின்னாடி எழுதிக்குவா. நாலரைக்கு பஸ். முதல்ல பொம்மலாட்டம். அப்புறம் பஞ்சாப். காஷ்மீரை இருட்டுனப்புறம் பாக்கணும், அப்போதான் குளிர் தெரியும். பர்மாக் கடையில காகித விசிறி ஒண்ணு. அட்டையில செஞ்ச ஏரோப்ளேன்ல ஏறி நின்னு ஒரு போட்டோ. கூட்டத்துல பிரிஞ்சுட்டா ராட்சச ராட்டினத்துக்குக் கீழ நிக்கணும். எலுமிச்சம்பழ சாதம் கட்டிக்கிட்டுப் போறது வரைக்கும் எழுதியாச்சு. போகாத ஊருக்கு இவ்வளவு சுத்தமா வழி போட்ட ஆளு நானாத்தான் இருப்பேன்.

கடைசி நாளும் வந்துச்சு. சனிக்கிழமை. காலையில கிளம்பறப்போ லூர்து வாசல் வரைக்கும் வந்தா. "இன்னிக்கும் வரலைன்னா சொல்லிடு. நான் பொடவையெல்லாம் எடுத்து வெச்சுக்க மாட்டேன்"ன்னா. கோவமா சொல்லியிருந்தா பரவாயில்ல. அலுப்பா சொன்னா. அந்த அலுப்புல நான் ஒரு நிமிஷம் பயந்துட்டேன், இந்த சாயங்காலத்தையும் விட்டா இவ இனிமே எதையும் கேக்க மாட்டான்னு தோணுச்சு. "மூணு மணிக்கு சுவரேறிடுவேன், நாலுக்கு உன் முன்னாடி நிப்பேன்"னு சத்தியம் பண்ணேன்.

ரெண்டரைக்கு ஃபோர்மேன் வந்து நின்னாரு. மறுநாள் காலையில லாரி ஏறவேண்டிய பாய்லர்ல குழாய் ஒண்ணு ஒழுகுது. "சூசை, உள்ள போ"ன்னாரு. உள்ளன்னா பாய்லருக்கு உள்ள. ஒரு ஆளு தோளைக் குறுக்கிக்கிட்டு நுழையற வாய் ஒண்ணு, வேற வழி கிடையாது. அந்த வாய்கிட்ட கோபாலு உக்காந்து சாமான் எடுத்துக் குடுப்பான். ஃபோர்மேன் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டாரு. எங்க ஏறிக் குதிக்கறது?

உள்ள இருட்டு, புழுக்கம், ஒரு கைவிளக்கு. மல்லாந்து படுத்துக்கிட்டு ஸ்பானரைத் திருப்பறேன், நெஞ்சுல அவ வார்த்தை. மணி நாலு இருக்கும், இப்போ பொடவை கட்டியிருப்பா. நாலரை, பஸ் ஸ்டாண்டுல நிக்கணும். அஞ்சு, பொம்மலாட்டம். இப்படியே ஒவ்வொண்ணா மனசுக்குள்ள போய்க்கிட்டே இருந்தேன். தூங்கினியான்னு கேட்டா, பொய் சொல்ல மாட்டேன், முந்தின ராத்திரியும் ஷிஃப்டு, கண்ணு அசந்தது உண்மை. ஆனா கோபாலு வழியை அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். என் கால் ரெண்டும் அவன் கண்ணு முன்னாடி இருந்துச்சுன்னு மாதா மேல ஆணையா சொல்றான், அவன் மாதாவைக் கும்பிடறவன்கூட இல்ல.

வெளிய வந்தப்போ ஆறு அடிச்சுடுச்சு. ஓட்டமா கேட்டுக்கு வந்தா, என் ஆணி மொட்டையா கீது. பில்லை இல்ல.

கேட்டு வாட்ச்மேன் கண்ணாடிக்கு மேலால பாத்தாரு. "இன்னா நைனா, நாலு மணிக்கு முன்னாடியே எடுத்துகினு போனியே? பொருட்காட்சின்னு சிரிச்சுகினு சொல்லிட்டுப் போனே. எந்த சுவரேறி மறுபடியும் உள்ள வந்தே?"

கோபாலைப் பாத்தேன். "நான் எங்க எடுத்தேன், உன்னோடவே தானே குந்திகினு இருந்தேன்"னான். வாட்ச்மேனுக்கு வயசாச்சு, பார்வை போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அதுவா அப்போ முக்கியம்? லூர்து மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு ஜோக் யோசிச்சுக்கிட்டே சைக்கிளை மிதிச்சேன். ஒண்ணும் சிக்கல.

வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்துப் போர்ஷன் பத்மாக்கா முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டே நிமிர்ந்து பாத்தாங்க. "இன்னாடா சூசை, பொண்டாட்டியை எங்க வுட்டுட்டு நீ மட்டும் வந்துட்டே? நாலு மணிக்கு மாப்பிள்ளை மாதிரி சட்டை மாத்திகினு கூட்டிகினு போனியே. இதுக்குள்ள இந்தக் கரியை எங்க அப்பிகினே?"

இங்கதான் என் வீரத்தைக் கேளுங்க. முதல்ல, லூர்து வேற எவனோடயோ போயிட்டான்னு நினைச்சேன். அதுல ஒரு நிமிஷம் போச்சு. ஆனா பத்மாக்கா பதினோரு வருஷமா என் மூஞ்சியைப் பாக்கறாங்க, அவங்களுக்கா அடையாளம் தப்பும்? அப்புறம் இன்னொண்ணு தோணுச்சு. பாய்லருக்குள்ள மூச்சு முட்டி செத்துப் போனது நான்தானோ? நான்தான் பேயோ? உடனே குனிஞ்சு என் காலைப் பாத்தேன். தரையில பட்டுச்சு. இருந்தாலும் நம்பிக்கை வரல. குதிச்சுப் பாத்தேன். "இன்னாடா ஆச்சு உனக்கு?"ன்னு பத்மாக்கா முறத்தோட உள்ள போயிட்டாங்க. வாசல் குடத்துலேர்ந்து ஒரு சொம்பு தண்ணி குடிச்சு, அது வயித்துல நிக்குதா, கீழ ஒழுகுதான்னு சட்டையைத் தூக்கிப் பாத்தேன். தெரு டீக்கடைக்குப் போய் நடு வழியில நின்னேன். "மாமு, ஓரமா நில்லு, வழிய மறைக்காதே"ன்னு டீக்கடைக்காரன் கத்தினான். என் வாழ்நாள்ல யாரும் என்னை அவ்வளவு அன்பா திட்டினது இல்ல. உசிரோடதான் இருக்கேன்னு முடிவாச்சு. ஆனா அப்போ அவ கூட இருக்கறவன் யாரு?

தேடிப் போகலாம்னா, பஸ்ஸைப் பிடிச்சு அந்தக் கூட்டத்துல எங்க தேடறது? ராட்டினத்துக்குக் கீழ போய் நிக்கலாம். நின்னா, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நானே எதிர்ல வந்தா? சத்தியமா சொல்றேன், கால் வரல. வாசப்படியில உக்காந்து தெரிஞ்ச ஜெபமெல்லாம் சொன்னேன். பாதியில மறந்து போய் மறுபடியும் முதல்லேர்ந்து.

எட்டு மணிக்கு முன்னாடி லூர்து வந்தா. தனியா வந்தா. கையில காகித விசிறி. ஒரு வருஷமா நான் பாக்காத மூஞ்சி அது, சிரிச்ச மூஞ்சி. என்னைப் பாத்ததும் நின்னுட்டா.

"இன்னாய்யா, முனைக்கடையில பீடி வாங்கிட்டு வரேன்னு நின்னே? எந்த வழியா எனக்கு முன்னாடி வந்தே? சட்டையை வேற மாத்திட்டே?"

நான் முனைக்கு ஓடினேன். யாருமில்ல. கடைக்காரன் என்னைப் பாத்து, "இன்னா, வத்திப்பெட்டிய மறந்துட்டியா? இப்போதானே பீடி வாங்கினே"ன்னு ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். வாங்கிக்கிட்டேன். வேற என்ன செய்ய?

திரும்பி வந்தா அவ பேசிக்கிட்டே இருந்தா. பொம்மலாட்டம், பஞ்சாப், எழுதி வெச்ச வரிசை மாறாம எல்லாம் நடந்திருக்கு. காஷ்மீர் கொட்டகையில குளிரே இல்லையாம், ஐஸ் கட்டிக்கு முன்னாடி ஒரு ஃபேன் ஓடிச்சாம். "உன் கைதான் சில்லுன்னு இருந்துச்சு"ன்னா. ஏரோப்ளேன் போட்டோவை மட்டும் நான் வேண்டாம்னுட்டேனாம். பஸ்ஸுல வர்றப்போ தோள்ல சாஞ்சு தூங்கினாளாம். எனக்கு ஒரு பக்கம் பயம், இன்னொரு பக்கம் பொறாமை. வெட்கமில்லாம சொல்றேன், அந்த ஆளு முட்டி வலின்னு ஒரு தடவைகூட உக்காரலையாம்.

அப்புறம் கைப்பையைத் திறந்து, "இந்தா, தொலைச்சுடுவேன்னு என்கிட்ட குடுத்தியே"ன்னு எடுத்து வெச்சா. முந்நூத்திப் பதினேழு. பித்தளை, ஐஸ் மாதிரி இருந்துச்சு.

அது நான் இல்லைன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும். வாயைத் திறந்தேன். அவ அதுக்குள்ள என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ராட்டினத்துக்குக் கீழ உக்காந்துகினு சொன்னியே, அதுக்கப்புறம்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. வாக்கு மாறமாட்டியே?"ன்னு கேட்டா. திட்டத்துல ராட்டினத்துக்குக் கீழ உக்கார்றது இல்ல. நான் பாய்லருக்குள்ள படுத்துக்கிட்டு அதை நினைக்கவும் இல்ல. அவ கண்ணைப் பாத்தேன். அந்த சிரிப்பை என் வாயால அணைக்கணுமா? "மாறமாட்டேன்"னுட்டேன்.

அன்னைக்கோட நான் சுவரேறறதை விட்டுட்டேன். என் பில்லையை நானே மாட்டி நானே எடுக்கறேன். லூர்து நல்லா இருக்கா. கடைக்குப் போறா, பத்மாக்காவோட சண்டை போடறா, என் ஜோக்குக்கு சிரிக்கறா. ஆனா வருஷா வருஷம் அந்த சனிக்கிழமை வந்தா, தையல் மிஷின்ல உக்காந்து ஒரு கவுன் தைக்கறா. சின்னப் பொண்ணு கவுன். முதல் வருஷம் கைக்குழந்தைக்கு ஆகற மாதிரி இருந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் முந்தினதைவிட ஒரு அளவு பெருசு. தைச்சு, மடிச்சு, பெட்டியில வெச்சுடுவா. யாருக்குன்னு கேக்க முடியாது. கேட்டா அன்னைக்கு உக்காந்து சொன்னது நான் இல்லைன்னு ஆயிடும்.

போன வாரம் எட்டாவது கவுன். வேலை முடிஞ்சு செத்த பாம்பு மாதிரி பாய்ல கிடந்தேன். அவ அதைத் தோள்பக்கம் பிடிச்சு விளக்குக்கு நேரா தூக்கிக் காட்டினா. "இன்னும் ரெண்டுதானே, அப்புறம் நம்ம பொண்ணைக் கூட்டிகினு வந்துடுவாங்க இல்ல?"ன்னா. நான் உம் கொட்டினேன். பல்லால நூலைக் கடிச்சுட்டு, "கை மட்டும் கொஞ்சம் நீளமோ?"ன்னு அவளே கேட்டு, அவளே சிரிச்சுக்கிட்டா. "இருக்காது. அளவு நீ சொன்னதுதானே."